கந்தகம் உட்கார்ந்த பக்கம்

அம்சவள்ளிக்கு அன்று விடிந்ததிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. பதினோரு மணிக்குக் குன்னம் தபால் ஆபீசுக்குப் பெங்களூரிலிருந்து டிரங்க் கால் வரும். அங்கே அவளோடு ஆராய்ச்சி செய்யும் அரங்கநாதன் பேசுவான். அதோடு அவள் தலையெழுத்து தெரிந்துவிடும்.

விஷயம் இதுதான். டி.என்.ஏ. இழையின் முதுகெலும்பில் வரிசையாகப் பாஸ்பரஸ் அணுக்கள். அங்கே ஒரு ஆக்சிஜனைக் கழற்றிவிட்டுக் கந்தகத்தை வைத்தால் இழை சுலபத்தில் சிதையாது. ஆனால் இந்தக் கந்தகம் இருக்கிறதே, சரியான தறுதலை. இடப்பக்கமும் உட்காரும், வலப்பக்கமும் உட்காரும். எல்லோரும் செய்கிற முறையில் செய்தால் இரண்டும் ஏறக்குறைய பாதிப்பாதியாகக் கலந்து தொலைக்கும். ஒரே பக்கமாக உட்காரவைக்க வழி கண்டுபிடித்துவிட்டதாக அம்சவள்ளி நம்பிக்கொண்டிருந்தாள். நிஜமா என்று ஆய்வகத்துக் கருவி படம் வரைந்து காட்டிவிடும். அதில் ஒரு சிகரம், அவர்கள் பாஷையில் ‘பீக்’, வந்தால் ஜெயம். இரண்டு வந்தால் நாலு வருஷ உழைப்பும் கோவிந்தா.

"ரெண்டு வந்துச்சுன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு உங்ககிட்டயே வந்துடுறேங்க" என்று புருஷன் சாமிதுரையிடம் சொல்லியிருந்தாள். பெரம்பலூரில் வரலாறு வாத்தியாரான அவன், தானே பொங்கித் தின்று அலுத்துப்போயிருந்தான். எது வர வேண்டுமென்று வேண்டிக்கொள்வது என்று அவனுக்கே குழப்பம்.

தங்கை கல்யாணத்துக்காக அவள் அப்பா வீட்டுக்கு வந்திருந்தார்கள். அன்றைக்கென்று காலை பஸ் வரவில்லை. மாட்டு வண்டி ஓட்டும் அப்பா செல்லப்பனோ விருந்தாளிகளை ரயிலேற்ற அரியலூர் போயிருந்தார்.

"வண்டிய நானே பூட்டுறேன். நான் பொறந்து வளந்த வூடுங்க இது" என்றாள் அம்சவள்ளி.

பூட்டினாள். மாடுகள் நகர்ந்தன, ஆனால் ரோட்டுப் பக்கம் இல்லை. வண்டி களத்தைச் சுற்றிவந்து வைக்கோல் போரில் முட்டி நின்றது. இரண்டாம் முறையும் அதே கதை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அய்யய்யோ! எடத்து மாட்ட வலத்துல பூட்டிட்டேங்க! பக்கம் மாறுனா ரெண்டும் ஒரு அடி ஒழுங்கா நடக்காது."

"எடது எது, வலது எதுன்னுதான நாலு வருசமா படிக்கிற?"

அவ்வளவுதான். நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சாமிதுரையும் வைக்கோலில் சாய்ந்து சிரித்தான். சிரிப்பு அடங்காமலே மாடுகளை மாற்றிப் பூட்டி ஓட்டினார்கள். வழியெல்லாம் பருத்தி எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தபால் ஆபீசுக்குள் நுழையவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. போஸ்ட் மாஸ்டர் உத்திராபதி ரிசீவரை நீட்டினார். அதன் மறுபக்கத்தில் சாமிதுரையும் காதை ஒட்டிக்கொண்டான்.

"பழைய முறையில செஞ்சதுல ரெண்டு பீக், வள்ளி. அது தெரிஞ்சதுதான். உன்னோடதுல..."

கொர்ரென்றது. லைன் போய்விட்டது.

உத்திராபதி போனைத் தட்டினார், உலுக்கினார், எக்சேஞ்சைத் திட்டினார். அம்சவள்ளி புருஷனின் சட்டையைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு யுகம் கழித்து மறுபடி மணி அடித்தது.

"ஒன்னு! ஒரே ஒரு பீக்! பக்கத்துல ஒரு பொட்டு கூட இல்ல!"

அவள் குதித்த குதியில் கோந்து டப்பா கவிழ்ந்தது. மணியார்டர் வாங்க வந்த பெண்கள், என்ன ஏதென்று தெரியாமலே சிரித்தார்கள். உத்திராபதி மட்டும் ஸ்டாம்புகளைக் காப்பாற்றப் பாய்ந்தார்.

"எந்தப் பக்கம்னு இனிமேதான் பாக்கணும்" என்று கத்தினான் அரங்கநாதன். "கந்தகம் ஒரு பக்கம் இருந்தா மட்டும் வெட்டுற பாம்பு விஷ என்சைம் வந்து எறங்கிருச்சு. நீ எப்ப வர்ற?"

லீவு இன்னும் பத்து நாள் இருந்தது. போனால் மேலும் ஒரு வருஷம் ஆளுக்கொரு ஊர். கோந்து ஒட்டிய கையோடு அம்சவள்ளி புருஷனைப் பார்த்தாள்.

சாமிதுரை ரிசீவரைப் பிடுங்கினான். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் கத்தினான்.

"சார், நான் அவ வூட்டுக்காரன் பேசுறேன். இன்னைக்கே பஸ் ஏத்தி விடுறேன். அவ வந்து சேர்ற வரைக்கும் அந்தப் பாம்பு விஷத்த ஒருத்தரும் தொடக் கூடாது, ஆமா!"