இரவல் கத்திரி

கத்திரிக்கோலை உயரத் தூக்கிப் பிடித்து, "இது யாரோடது?" என்று அவள் கேட்ட நொடியில், மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். தம்பி இல்லை, ஏதோ விளம்பரம். மறுபடியும் கவிழ்த்தாள்.

எதிரே எழுபது முகங்கள். சட்டக் கல்லூரியில் அவர்களுக்கு இதுதான் முதல் வகுப்பு.

"உங்களோடது, மேடம்."

"எப்படிச் சொல்றே?"

"உங்க கையில இருக்கே."

முன்வரிசைப் பையனிடம் கத்திரியை நீட்டினாள். அவன் தயங்கித் தயங்கி வாங்கினான். "இப்ப இவன் கையில இருக்கு. இவனோடதா?"

வகுப்பு சிரித்தது. கையில் இருப்பது வேறு, சொந்தம் என்பது வேறு. இந்த இரண்டையும் ரோமானியர்கள் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். ஆளுக்கும் அரசுக்கும் இடையே அல்லாமல், ஆளுக்கும் ஆளுக்கும் இடையே நடப்பதைப் பேசும் தனியார் சட்டத்துக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் இல்லை என்பது அவள் எண்ணம். பன்னிரண்டு வருடமாக இதே கேள்வி, இதே கத்திரி.

கத்திரி அப்பாவுடையது. தையற்கடையில் நாற்பது வருடம் துணி வெட்டியது. கைப்பிடியின் கறுப்புச் சாயம் அவர் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் போயிருந்தது. அதை அவர் யாரையும் தொட விட்டதில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள், மகளின் முதல் வகுப்புக்கு மட்டும் கொடுப்பார். "சாயந்தரம் என் கைக்கு வந்துடணும், வக்கீலம்மா." கோர்ட்டுப் பக்கமே போகாத மகளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

இந்த வருடம் அவர் எதுவும் சொல்லவில்லை. படுத்த படுக்கையாகிப் பேச்சு நின்று எட்டு நாளாகிறது. காலையில் குனிந்து, "அப்பா, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். தலையணைக்கு அடியில் இருந்த கத்திரியை அவர் விரல்கள் பற்றின. பிறகு தளர்ந்தன. எடுத்துக்கொண்டாள்.

கொடுத்தாரா, பிடிக்கத் தெம்பில்லாமல் விட்டாரா? பேருந்தில் வந்த வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். "டாக்டர் இன்னும் ரெண்டு மூணு நாள் தாங்கும்னு சொல்லியிருக்காரு. போயிட்டு வாக்கா, நான் இருக்கேன்ல" என்று தம்பிதான் அனுப்பி வைத்திருந்தான்.

"இரவல் வாங்கினா எதைத் திருப்பிக் கொடுக்கணும்?" என்றாள். கத்திரி பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"வாங்கினதையே."

"அதே மாதிரி இன்னொண்ணு கொடுத்தா?"

"கூடாது மேடம்," என்றான் நடுவரிசையில் ஒருவன். "ஆனா ஹாஸ்டல்ல அப்படித்தான் நடக்குது. போறது என் செருப்பு, வர்றது எவன் செருப்போ."

"அதுவும் ரெண்டும் இடதுகால் செருப்பு," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

சிரிப்பு அடங்கும்வரை அவள் கைப்பேசியைத் தொட்டுக்கொண்டே நின்றாள். பிறகு குதிரைக் கதைக்கு வந்தாள். "ரோம்ல ஒருத்தன் பக்கத்து ஊருக்குப் போகக் குதிரை கேக்கறான். குடுத்தாச்சு. இவன் அந்த ஊரையும் தாண்டி ரொம்ப தூரம் ஓட்டிட்டுப் போயிடறான். குதிரை பத்திரமா திரும்பி வருது. இருந்தாலும், குடுத்தவன் ஒத்துக்க மாட்டான்னு தெரிஞ்சே போயிருந்தா, அதைத் திருட்டுன்னே சொன்னாங்க. ஏன்?"

பதில் வருமுன் கடைசி வரிசையிலிருந்து 'கரக்' என்று ஒரு சத்தம்.

ஒரு பெண் நோட்டுத் தாளை நீளவாக்கில் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வை அதை!"

தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. தையல் கத்திரியில் காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும். பிறகு துணியைக் கடிக்குமே தவிர வெட்டாது. சிறுமியாக இருந்தபோது ஒரு பட்டம் ஒட்டுவதற்காக அப்படி வெட்டி, அப்பாவிடம் அவள் வாங்கிய ஒரே அடி அது.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "சாரி மேடம். மேசையில வைக்கப் பேரு எழுதலாம்னு... பேப்பர்தானேன்னு நெனச்சேன்." பிறகு மெதுவாக, "குதிரைக்காரன் மாதிரி நானும் திருடிட்டேனா மேடம்?"

"இல்லம்மா. உனக்குத் தெரியாதே. எதுக்குக் குடுக்கறேன்னு நான்தான் சொல்லலை." கத்திரியை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

கைப்பேசி அதிர்ந்தது. இந்தமுறை தம்பி.

"அக்கா, மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. கிளம்பி வா."

வகுப்பிடம் என்ன சொன்னாள் என்பது நினைவில்லை. ஆட்டோ ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. பையைத் திறந்து கத்திரியைப் பார்த்தாள், மூடினாள், திறந்தாள். அவர் கையில் வைத்துவிட்டால் போதும். பிடிக்கக்கூட வேண்டாம். விரல் பட்டால் போதும்.

"இதுக்கு மேல பறக்கத்தான் செய்யணும்மா," என்றார் ஆட்டோக்காரர், அவள் ஒன்றும் கேட்காமலேயே.

வீட்டு மாடிப்படியில் தம்பி உட்கார்ந்திருந்தான். எழுந்துகொள்ளவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

"பத்து நிமிஷம் ஆச்சுக்கா."

உள்ளே அப்பாவின் முகத்தைத் துடைத்து, போர்வையை மார்புவரை இழுத்துவிட்டிருந்தான். வலதுகை மட்டும் வெளியே, தலையணை ஓரத்தில் கிடந்தது.

"வலி இருந்த மாதிரி தெரியலை," என்றான் தம்பி பின்னாலிருந்து. "கைதான் சும்மாவே இல்லை. தலையணைக்கு அடியில போறதும் வர்றதுமா... தண்ணி கேக்கறாரோன்னு ரெண்டு தடவை ஸ்பூன்ல ஊத்தினேன். குடிக்கலை. திரும்பவும் கை அங்கேயே..."

அவள் பையிலிருந்து கத்திரியை எடுத்தாள்.

தம்பி அதைப் பார்த்தான். பிறகு ஜன்னலைச் சாத்தப் போனான். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

"இனிமே நீயே வச்சுக்கக்கா," என்றான் அங்கிருந்தே. "எனக்கு எதுக்கு அது?"

செத்தவரின் பொருள், வாரிசு அதை ஏற்றுக்கொள்ளும்வரை யாருடையதும் இல்லாமல் கிடக்கும் என்று ரோமானியர்கள் வைத்திருந்தார்கள். அது இரண்டாம் பருவத்துப் பாடம்.

கட்டிலோரம் உட்கார்ந்தாள். திருகாணிக்குப் பக்கத்தில் காகிதத் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது, நீலக்கோடு போட்ட நோட்டுத் தாள். நகத்தால் கிளறி எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். துப்பட்டா நுனியால் இரண்டு அலகுகளையும் துடைத்தாள். தலையணையை லேசாகத் தூக்கி, கைப்பிடி அவர் கைப்பக்கம் இருக்கும்படி கத்திரியை உள்ளே தள்ளினாள்.

ஜன்னல் கண்ணாடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. சாயந்தரத்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது.