சத்தக்காரியும் ஊமையனும்

எங்கள் மாப்பிள்ளை ஃபெர்கஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். கிளாஸ்கோவில் பிறந்தவன். என் மகள் மார்சலியைக் கட்டிக்கொண்டு இந்த மலைக் கிராமத்துக்கு வந்த நாளிலிருந்து எங்கள் மலைகளைக் குறை சொல்வதே அவனுக்குப் பொழுதுபோக்கு.

அன்று காலை கஞ்சி குடித்துக்கொண்டே ஆரம்பித்தான். "ஏன் அத்தை, தாண்டினா கால்கூட நனையாது, அந்த ஓடைக்கெல்லாம் எதுக்குப் பேரு? கேலிக் மொழி பேசுற உங்க மலைக்காரங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேரு வெச்சவன் ஒண்ணும் வெட்டிப்பய இல்ல, மாப்பிள்ளை. மூடுபனி மலை உச்சியில ரெண்டு ஓடை பிறக்குது. ஒண்ணு பேரு 'ஆல்ட் லாவர்', அப்படின்னா சத்தக்காரி. வாய் ஓயாம கத்திக்கிட்டே போய், கடைசியில பாறையிலேருந்து தலைகுப்புற விழுவா. சாட்சாத் நீங்கதான்! இன்னொண்ணு 'ஆல்ட் பாலவ்', அப்படின்னா ஊமையன். உங்க மாமா மாதிரி. மூச்சு விடமாட்டான், ஆனா ஒழுங்கா வீடு வந்து சேருவான்."

என் கணவர் டார்க்குல் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் ரொட்டியில் வெண்ணெய் தடவினார். ஃபெர்கஸ் முகம் சிவந்து எழுந்தான். வெயில் அடிக்கிறதே என்று கோட்டைக்கூட எடுக்காமல், ஆடுகளை இறக்கிவர மலையேறிவிட்டான். மூடுபனி மலை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? மத்தியானத்துக்குள் மலையையே காணோம்.

போன் அடித்தது. அவன்தான். "அத்தை, கண்ணே தெரியல. தண்ணி சத்தம் மட்டும் கேக்குது. அதைப் பிடிச்சே இறங்கிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்!" என்று கத்தினேன். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், கிடைக்கவில்லை.

நான் மீட்புக் குழுவுக்குச் சொல்வதற்குள் டார்க்குல் நாயோடு ஓடினார். நிறைமாத வயிற்றோடு மார்சலி ஜன்னலை விட்டு நகரவில்லை. நான் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்காவிட்டால், கடைசியாக அவன் காதில் விழுந்தது காலையில் நான் திட்டிய வசவுதானா என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பொழுது சாயும் நேரம் நாய் குரைத்தது. முன்னால் டார்க்குல், பின்னால் தொப்பலாக நனைந்த ஃபெர்கஸ்.

"வந்துட்டியாடா!" மாப்பிள்ளை மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. கட்டிப்பிடித்து அழுதேன். "நான் வேண்டாம்னு கத்தினது கேட்டுச்சா?"

"எங்க கேட்டுச்சு? போன்தான் செத்துப்போச்சே. சத்தத்தைப் பார்த்து நாலடி வெச்சுட்டேன். அப்பதான் காலையில நீங்க திட்டினது மண்டையில உறைச்சுது. தலைகுப்புற விழுற ஆளு நானில்லன்னு காட்டணும்னு ஒரு வீம்பு. திரும்பிட்டேன். சத்தமே போடாத தண்ணிய எங்கேன்னு தேடுறது? காலால தடவித் தடவிப் பார்த்தா, பாசிக்கு அடியில ஓடிக்கிட்டிருக்கு ஊமையன். அவனோடவே வந்துட்டேன். கீழ மாமா நின்னுட்டிருந்தார்."

மார்சலி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. சூடாக சூப்பை ஊற்றிக் கொடுத்து, "இனிமே உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டேண்டா" என்றேன்.

பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த டார்க்குல் அன்றைக்கு முதன்முறையாக வாயைத் திறந்தார்.

"அப்படிச் சொல்லாதே. அந்தப் பக்கம் இன்னும் ஏழெட்டு ஓடை இருக்கு. எல்லாத்துக்கும் சேர்த்துத் திட்டி வை."