மார்கிறட் டீச்சரின் எண்பது தாள்கள்

மட்டக்களப்புப் பள்ளிக்கூடமொன்றில் பன்னிரண்டு வருடம் கணிதம் படிப்பித்த மார்கிறட்டுக்குத் தலைமை ஆசிரியர் பதவி இல்லை என்பதை, மனேஜர் பஸ்தியாம்பிள்ளை ஒரு பத்திரிகைத் துண்டை நீட்டித்தான் தெரிவித்தார். ‘பெண்கள் பிறர் சொல்லுக்கு எளிதில் வளைகிறார்கள்: வாவியோரக் கிராமங்களில் ஆராய்ச்சி’ என்று அதில் தலைப்புப் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர் நாலு பேர் எதிர்த்தாலும் அசையாமல் நிற்க வேண்டும், பெண்களின் இயல்பு அப்படியில்லை என்று விஞ்ஞானமே சொல்லும்போது தான் என்ன செய்வது என்று அவர் கைவிரித்தார். பதவி, அவளுக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போயிற்று.

அந்த ஆராய்ச்சி கொழும்பிலிருந்து வந்த உளவியல் விரிவுரையாளர் ஜெயராஜாவுடையது. பெயர்தான் அவருடையது, வெயிலில் அலைந்தவள் மார்கிறட். முந்தின வருடம், ஐம்பத்தேழாம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறை முழுவதும், அவள்தான் அவரைத் தன்னாமுனைக்கும் சித்தாண்டிக்கும் வவுணதீவுக்கும் கூட்டிப்போனாள். வீடு வீடாகப் பேசி, நாற்பது ஆண்களையும் நாற்பது பெண்களையும் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைத்தாள்.

பரிசோதனை இலேசானது. ஓர் அட்டையில் இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் மூன்று கோடுகள். இடப்பக்கத்துக் கோட்டின் அளவு எந்தக் கோட்டுக்கு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். குழந்தைக்கும் தெரியும் விடைதான். ஆனால் முன்கூட்டியே சொல்லி வைத்த மூன்று ஆண்கள் முதலில் பிழையான விடையை உரக்கச் சொல்லுவார்கள். நாலாவது ஆள் கண்ணை நம்புகிறாரா, மூன்று பேரை நம்புகிறாரா என்று பார்ப்பதுதான் நோக்கம். ஆளுக்கு ஆறு அட்டை.

ஆண்கள் ஆறில் நாலு தடவை வளைந்தார்கள். பெண்கள் ஒரு தடவை வளைந்தாலே அதிகம். ஜெயராஜா நெற்றியைச் சுருக்கினார். பரிசோதனை வீட்டு முற்றங்களில் நடந்தது, இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது, ஆண் அங்கே கட்டிக்கொண்டு வந்தவன், தன் முற்றத்தில் இருக்கிறவள் யாருக்குப் பயப்பட வேண்டும் என்று மார்கிறட் விளக்கினாள். அவர் அதைக் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவள் கார்பன் வைத்து எழுதிய தாள்களில் மூலத்தை அவரிடம் கொடுத்தாள். பிரதியைத் தன் பெட்டியில் வைத்தாள்.

பதவி போன பிறகு முழு அறிக்கையையும் வரவழைத்துப் படித்தாள். ஆண்களின் இலக்கங்கள் பெண்களின் தலைப்பின் கீழும், பெண்களுடையவை ஆண்களின் கீழும் இருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ‘எனது உள்ளூர் உதவியாளரும் பெண்ணே, நான் எதைச் சொன்னாலும் தலையாட்டினார்.’

கைத்தவறாக இருக்கலாம் என்று நினைத்து மரியாதையாக ஒரு கடிதம் எழுதினாள். மூலத்தாள்கள் டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டன, பெண்களுக்கு இலக்கங்களைவிட உணர்ச்சிகள்தான் நினைவில் நிற்கும், மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று பதில் வந்தது. அதைப் படித்த அன்றே அவளுடைய மரியாதை முடிந்தது. அந்த மனிதனை ஊர் பார்க்க உட்கார வைத்து உரிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

மாசி மாதம் ஜெயராஜா நகர மண்டபத்தில் பேச வருவதாகவும், பஸ்தியாம்பிள்ளை தலைமை தாங்குவதாகவும் அறிவித்தல் வந்தது. மார்கிறட் பெட்டியைத் திறந்தாள். ஆண்களின் தாள்களில் பதினேழாவதைக் கண்டதும் தனியாக இருந்து சிரித்தாள். பெயர் பஸ்தியாம்பிள்ளை, அதே மனேஜர்தான், தன்னாமுனையில் பெண்சாதியின் முற்றத்தில் இருந்தபோது எழுதியது. ஆறு அட்டைக்கு ஆறு தடவையும் வளைந்திருந்தார்.

பெயரை வெளியே விடமாட்டேன் என்று எண்பது பேருக்கும் அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அது இரண்டு நாள் அவளை உறுத்தியது. பிறகு கத்தரிக்கோலை எடுத்து முப்பத்தொன்பது ஆண்களின் பெயர்களை வெட்டி அடுப்பில் போட்டாள். ஒன்றை மட்டும் வெட்டவில்லை. பெண்களிடம் நேரே போய், பெயரைச் சொல்லலாமா, கூட்டத்துக்கு வருவார்களா என்று கேட்டாள். வவுணதீவில் வயல் செய்கிற ஆச்சிப்பிள்ளை, வட்டையில் கதிர் வெட்டுக்கு நடுவே நின்றபடியே முழுக்கதையையும் கேட்டாள்.

“வெள்ளாம வெட்டு நடக்கிது கா. எண்டாலும் வாறன்,” என்றாள்.

கூட்டத்தன்று பின்வரிசைகளில் முப்பத்தாறு பெண்கள் வந்து இருந்தார்கள். ஜெயராஜா அழகாகப் பேசினார். பெண் மனம் கொடி போன்றது, கொழுகொம்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாயும் என்றபோது முன்வரிசை கைதட்டியது. கேள்வி நேரம் வந்ததும் ஆச்சிப்பிள்ளை எழும்பினாள்.

“ஐயா, நான் வவுணதீவு. என்ட முற்றத்துலதான் அட்டையக் காட்டின நீங்க. மூணு ஆம்பிளையள் நடுக்கோடு எண்டாங்க. நான் கடைசிக்கோடு எண்ட. ஆறு தரமும் என்ட சொல்லுலதான் நிண்ட. நான் எப்ப வளைஞ்ச, அதச் சொல்லுங்க.”

அவள் பக்கத்தில் இருந்தவள் எழும்பினாள். பிறகு அடுத்தவள். ஜெயராஜா புன்னகை மாறாமல், தாள்கள் வெள்ளத்தில் போனதால் தனித்தனியாகச் சொல்ல இயலாது என்றார்.

மார்கிறட் மேடைக்கு நடந்து, பிரதித்தாள்களின் கட்டைக் கூட்டத்தலைவரின் மேசையில் வைத்தாள். பதினேழாவது தாள் மேலே இருந்தது.

“பிரதி இருக்கு ஐயா. தலைமை நீங்கதானே, மேல இருக்கிறதில இருந்து வாசியுங்க,” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

பஸ்தியாம்பிள்ளை தன் பெயரைப் பார்த்தார். தாளைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு மண்டபத்தைப் பார்த்தார். மண்டபம் முழுவதும் ஜெயராஜாவுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. உடனே அவரும் திரும்பினார். எங்கள் மண்ணின் பெண்களை இழிவுபடுத்திய இந்தப் பொய்க்கு விரிவுரையாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று மேசையில் தட்டினார். ஜெயராஜா குடையையும் எடுக்காமல் பக்கக் கதவால் வெளியேறினார்.

மார்கிறட் தாள்களைப் பல்கலைக்கழகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள், ஒன்றைத் தவிர. விசாரணை தொடங்கிவிட்டதாக இரண்டு கிழமைக்குள் பதில் வந்தது. மற்றவருக்குக் கொடுத்திருந்த தலைமை ஆசிரியர் நியமனத்தை அவள் பெயருக்கு மாற்றிப் பஸ்தியாம்பிள்ளை வீட்டுக்கே கொண்டுவந்தார். போகும்போது, அந்தத் தாளைத் தருவாளா என்று மெல்லக் கேட்டார். பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ஒரு நாள் காலையில் ஜெயராஜாவும் வந்தார். சவரம் செய்யாத முகம். இலக்கங்களைப் பிரதி எடுக்கையில் அவள் கைதவறி மாற்றிவிட்டதாக ஒரே ஒரு வரி எழுதித் தந்தால் வேலை தப்பும் என்றார். மார்கிறட் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“நீங்க சொன்னதுக்கெல்லாம் நான் தலையாட்டினனாம். இப்ப ஆட்டமாட்டன். எழும்புங்க.”

அவர் அழுதார். அவள் அதை ஆற அமரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தபசுகாலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போனவள், பெயரை வெளியே விடுவதாக ஒருவரை மிரட்டி, கொடுத்த வாக்கை வேண்டுமென்றே மீறியதையும், ஒருவரின் பிழைப்பைக் கெடுத்ததையும், அதில் மகிழ்ந்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். மனம் வருந்துகிறாயா என்று சுவாமி கேட்டார்.

“இல்ல சுவாமி.”

வருத்தமில்லாமல் மன்னிப்புத் தர இயலாது, மன்னிப்பில்லாமல் நற்கருணை வாங்கவும் கூடாது, யோசித்துவிட்டு வா என்றார். மார்கிறட் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அந்த ஞாயிறு பூசையில் எல்லோரும் நற்கருணை நன்மை வாங்கப் பீடத்துக்குப் போனபோது அவள் வாங்குப் பலகையிலேயே இருந்தாள். அடுத்த ஞாயிறும் அப்படியே இருந்தாள்.