பேரில்லாத தீர்ப்பு

டெல்லியில் ராஜாவுக்கு முடிசூட்டின மறுவருஷம், என் வீட்டுக்காரர் லண்டனில் ஒரு வழக்கில் ஜெயித்தார். அந்த ஜெயம் காலணாவுக்கு உதவவில்லை.

அவர் நிலாவாரை இலை வியாபாரி. வயிற்றைக் கழுவிவிடும் இலை. தூத்துக்குடியிலிருந்து கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போகும். துரைமார் தின்கிற தீனிக்கு இன்னும் நாலு கப்பல் வேண்டும் என்று நான் கேலி செய்வேன். ஒரு தடவை போன இலையில் மண் கலந்திருப்பதாக வாங்கின கம்பெனி புகார் செய்தது. லண்டனில் இலை வியாபாரம் தெரிந்த மத்தியஸ்தர்களிடம் வழக்குப் போனது.

சேதி வந்த அன்றே டவுண் கடைவீதி தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. வியாபாரிகள் கோயிலுக்குச் செலுத்தும் மகமைப் பணத்தை இவரிடம் வாங்க மறுத்தார்கள். மகமை மறுக்கப்பட்ட ஆளிடம் யாரும் சரக்கு பேசமாட்டார்கள். லண்டன் தீர்ப்பு வரட்டும் என்று காத்துக் கிடந்தார்.

வந்தது. கம்பெனியின் தூத்துக்குடி குமாஸ்தா தானியேல் அச்சுக் காகிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினார். விற்றவர்மேல் குற்றமில்லை, மண் கலந்தது லண்டன் கிடங்கில். இவர் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு சிரிப்பு.

"என் பேரு எங்கன போட்டிருக்கு?"

"பேரு போடமாட்டாங்க அண்ணாச்சி. வித்தவரு, வாங்கினவருன்னுதான் இருக்கும். ரெண்டு பேரு மானத்தையும் காப்பாத்தத்தான்."

"அப்ப நீராவது ஒரு வரி எழுதித் தாரும்வே."

தானியேல் தலையைக் குனிந்துகொண்டார். "துரை விடமாட்டாரு. தோத்தது அவுகல்லா."

இவர் காகிதத்தை மகமைத் தலைவர் பூதலிங்கம் அண்ணாச்சியிடம் கொண்டுபோனார். "எவனோ ஜெயிச்சிருக்கான். இதுல உம்ம பேரு இல்லையேவே" என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கஞ்சியும் இறங்கவில்லை. "ஏளா, அது நாந்தான்னு ஒரு ஆளாவது சொல்லணும்ளா" என்று முனகிக்கொண்டே கிடந்தார்.

நான் சொல்லலாம். ஆனால் புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதே பேர் கொண்ட சாமியைக்கூட 'சுசீந்திரத்துச் சாமி' என்றே கும்பிட்டு வந்தவள் நான்.

மறுநாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். எங்கள் வீட்டுப் பெண்கள் அங்கே கால் வைத்ததில்லை. பூதலிங்கம் அண்ணாச்சி முன்னால் நின்று சொன்னேன்: "இதுல ஜெயிச்சது என் வீட்டுக்காரவுக. அவுக பேரு தாணுமாலையன்."

வீதி அப்படியே நின்றுவிட்டது. ஒருவரும் காகிதத்தைப் பார்க்கவில்லை; என்னைத்தான் பார்த்தார்கள். "என்ன பொம்பளைவே இவ, புருசன் பேரச் சொல்லுதா!" என்றார் அண்ணாச்சி. மகமை வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன்.

"சத்தமாவா சொன்னே?"

"தேரடி வரைக்கும் கேட்டிருக்கும்."

"இங்கன ஒருதரம் சொல்லு."

பயந்துகொண்டே சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். ஆனித் தேர் ஓடுவதற்குள் போய்விட்டார்.

இலை வியாபாரி தாணுமாலையனை அவர் பெண்டாட்டி பேர் சொல்லியே கொன்றாள் என்று இப்போது டவுணில் ஒரு கதை ஓடுகிறது. சொல்லட்டும். அந்தக் கதையை மட்டும் ஒருத்தரும் அவர் பேரை விட்டுவிட்டுச் சொல்வதில்லை.