டிராயரில் இருந்த சுருக்கெழுத்து நோட்டு

எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்காத நீதிபதி, அன்று காலை "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். சுருக்கெழுத்தர் தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் ஆட்டுக்குத் தெரியாதா என்ன?

விஷயம் இதுதான். ஒரு வீட்டு வழக்கில், வக்கீல்கள் வாதாடுவதற்கு முந்தின நாளே நீதிபதி தீர்ப்பைச் சொல்லி எழுதவைத்தார் என்று மேலிடத்துக்குப் புகார் போயிருந்தது. எழுதியவள் இவள். வாதம் முடிந்த பிறகே தீர்ப்புச் சொன்னதாகவும், சுருக்கெழுத்தர்தான் தட்டச்சில் தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டதாகவும் நீதிபதி பதில் கொடுத்துவிட்டார். அவர் தப்பித்தால் இவள் வேலை போய்விடும்.

உண்மையைச் சொல்ல இருந்தது, அன்று அவள் எழுதிய சுருக்கெழுத்து நோட்டு ஒன்றுதான். டிராயரைத் திறந்தால் நோட்டைக் காணோம். பூட்டோ பூட்டியபடியே இருந்தது.

சாவி இரண்டு. ஒன்று அவள் கைப்பையில். மற்றொன்று வழக்குக் கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் 'கட்டு அண்ண'னிடம்.

"அண்ணே, என் டிராயரத் திறந்தீங்களா?"

"நான் ஏம்மா திறக்கப்போறேன்? சாவிய ஐயா போன வாரமே வாங்கிக்கிட்டாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

அவர் குனிந்து கட்டின் முடிச்சை இறுக்கினார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான் என்று அவள் நினைத்தாள். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள்.

விசாரணை அறையிலும் யாரை நம்புவது என்று தெரியவில்லை. விசாரிக்க வந்த ஓய்வுபெற்ற நீதிபதி, இந்த நீதிபதியைப் பார்த்துச் சிரித்தார். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், வேறென்ன செய்வார்கள்! அவள் எழுத்தைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு சுருக்கெழுத்தரை வரவழைத்திருந்தார்கள். அவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

புகாருக்கு ஆளான நீதிபதி தன் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தது அவளுடைய நோட்டையேதான்.

"நீங்களே பாருங்க. இவங்க இதுல தேதியே போடல."

கட்டு அண்ணன் பொய் சொல்லவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. நோட்டைப் பார்த்ததும் வெட்கம் போய்க் கோபம் வந்தது. ஒவ்வொரு நாளும் முதல் தாளில்தான் அவள் தேதி போடுவாள். அந்தத் தாளைச் சுருள் கம்பியிலிருந்து சுத்தமாக உருவியிருந்தார்கள். பாவம், அந்த நோட்டில் அவருக்குப் படிக்கத் தெரிந்தது தேதி ஒன்றுதான்.

"மிச்சத்தப் படிங்கம்மா," என்றார் விசாரிப்பவர்.

அவளுக்கு ஒரு பழக்கம். நீதிபதி வாய் திறந்தால் போதும், அவள் கை எழுதும். மின்விசிறியைக் குறைக்கச் சொன்னாலும் எழுதும். வேண்டாததைத் தட்டச்சில் விட்டுவிடுவாள். தட்டச்சுப் பிரதியை மட்டுமே பார்த்த நீதிபதிக்கு இது தெரியாது.

அவள் படித்தாள். வீட்டின் எல்லை, பத்திரம், சாட்சி. மூன்றாம் பக்கத்தின் நடுவுக்கு வந்ததும் நீதிபதியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தொடர்ந்தாள்.

"'நாளைக்கு அந்த வக்கீல் ரெண்டு மணி நேரம் கத்துவான், கத்திட்டுப் போகட்டும். நாம இன்னிக்கே முடிச்சிடுவோம்.'"

நீதிபதி நாற்காலியை விட்டு எழுந்தார். "இவங்களா சேத்துப் படிக்கிறாங்க."

சரிபார்க்க வந்தவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியில் விரலை வைத்தார்.

"இருக்கு ஐயா. அடுத்த வரியும் இருக்கு. 'இத எழுதாதீங்கம்மா'ன்னு."