கீழே வைத்த கத்தி

மயிலாப்பூர் வேதாந்தம் இந்த உலகத்தில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் பயந்தார். அந்தப் பொருளை எட்டு மாதமாகத் தன் வேட்டி மடியிலேயே செருகிக்கொண்டு அலைந்தார்.

மூன்றங்குல நீளத்தில் ஒரு பேனாக்கத்தி. மான்கொம்புப் பிடி. பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று, நகம் ராவ ஒரு தகடு, சீமைக்காரன் புட்டி திறப்பதற்கென்று வைத்த முறுக்குக் கம்பி ஒன்று. பெரிய அலகின் நுனி மட்டும் அரிசி முனையளவு உடைந்திருக்கும். மடக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் லஸ் முனையில் கேட்டால் சாந்தோம் கடற்கரையில் காக்கை பறக்கும். கூர்மையோ, கேட்கவே வேண்டாம். ஒரு மாம்பழத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் போதும், பழம் தானாகவே தோலைக் கழற்றி மடித்து வைத்துவிடும்.

கத்தி அவருடையது அல்ல. சுவாமிநாதனுடையது. சங்கடமே அதுதான்.

இருவரும் கோட்டையில் ஒரே ஆபீசில், ஒரே மேஜையின் இரண்டு பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்தவர்கள். ஒரே டிராமில் போய் ஒரே டிராமில் திரும்புவார்கள். சுவாமிநாதன் கதர் கட்டத் தொடங்கிச் சீமைச் சாமான் அத்தனையையும் பகிஷ்காரம் செய்தபோதுகூட இந்த ஒரு கத்திக்கு மட்டும் விலக்கு அளித்தார். பூணூலில் சாவிக்கொத்தோடு சேர்ந்து அது தொங்கும். பென்சில் சீவ, உறை பிரிக்க, அரக்குச் சுரண்ட, பாக்கு நறுக்க, செருப்பில் ஏறிய முள்ளை நெம்ப என்று வேதாந்தம் ஒரு நாளைக்கு நாற்பது தரமாவது, "ஓய், அதைக் கொஞ்சம்" என்பார்.

சுவாமிநாதன் அவிழ்த்து மேஜைமேல் வைப்பார். கையில் கொடுக்கமாட்டார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பதில் இருவருக்குமே சந்தேகம் கிடையாது. அவர் வைப்பார், இவர் எடுப்பார். காரியம் முடிந்ததும் இவர் வைப்பார், அவர் எடுப்பார். இருபத்திரண்டு வருஷம் வைத்து வைத்து எடுத்ததில், சர்க்கார் தேக்கு மேஜையில் ஒரு மைக்கூடு இறங்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. சண்டை மட்டும் வரவில்லை.

போன வைகாசியில் வந்தது.

அன்று சாயங்கால டிராமில் வேதாந்தத்துக்கு ஒரு மல்கோவா கிடைத்திருந்தது. வழக்கம்போல் கத்தியை வாங்கினார், நறுக்கினார், தின்றார், துடைத்தார், முறைப்படி பலகையில் இருவருக்கும் நடுவே வைத்தார். சுவாமிநாதன் தூங்கிக்கொண்டிருந்தார். லஸ் வந்தது. மழையும் வந்தது. சுவாமிநாதன் குடையைப் பிடித்துக்கொண்டு குதித்து ஓடினார். பலகையில் கத்தி அநாதையாகக் கிடந்தது. 'ஐயோ, தொலைந்து போகுமே' என்று வேதாந்தம் அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டார். போட்டதை அடுத்த நிமிஷம் மறந்தார்.

மறுநாள் காலை சுவாமிநாதன் தெருவில் நின்று, பால்காரி முதல் பஞ்சாங்கக்காரர் வரை கேட்கும்படி, "என் கத்தி எங்கே?" என்றார்.

"கீழே வெச்சேனே! நீர் எடுத்துக்கலையா?"

"நான் எங்கேய்யா எடுத்தேன்? தூங்கினவன் மடியில கத்தி தானா ஏறிக்குமா?"

"அப்போ என்னைத் திருடன்கிறீரா?"

"நான் சொல்லலை. நீரே சொல்லிண்டா நான் என்ன பண்றது?"

வேதாந்தத்துக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது. கையை உயரத் தூக்கி, "கேசவப் பெருமாள் சாட்சியா, கத்தி என்கிட்ட இல்லை!" என்று முழங்கினார். 

அன்று சாயங்காலம் மூக்குப்பொடி டப்பியைத் தேடிக் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். மான்கொம்பு சில்லென்று விரலில் பட்டது.

உடனே ஓடிப்போய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், பெருமாளைச் சாட்சிக்கு இழுத்துப் பொய் சொன்னவர் என்ற பட்டம் ஏழு தலைமுறைக்கு ஒட்டிக்கொள்ளும். தூக்கி எறியலாம் என்று மூன்று தடவை தெப்பக்குளத்துக்குப் போனார். மூன்று தடவையும் குளக்கரையில் உட்கார்ந்து அந்தக் கத்தியாலேயே ஓர் ஆரஞ்சை உரித்துத் தின்றுவிட்டுத் திரும்பினார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கை விடமாட்டேன் என்றது. குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு நகம் வெட்டினார். ஆபீசில் பென்சிலை மேஜைக்கடியில் குனிந்து சீவினார். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து கொய்யாப்பழம் நறுக்கினார். "இப்படித் தனியா ஒளிஞ்சு ஒளிஞ்சு என்னன்னா பண்றேள்?" என்று மனைவி ஜானு கேட்டால், "ஜபம்" என்பார். மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில் சுவாமிநாதன், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பென்சிலைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்.

தை மாதம் ஆபீஸ் ஹெட் கிளார்க் தன் பெண்ணுக்குத் திருவிடந்தையில் கல்யாணம் வைத்தார். முதல் நாள் காலை கல்யாணக் காய்கறி மயிலாப்பூர்க் கால்வாயில் படகேறியது. "சாமானோடயே வந்துடும், வேதாந்தம். அதுமேல ஒரு கண் இருக்கட்டும்" என்றார் ஹெட் கிளார்க். இதையே சுவாமிநாதனிடமும் தனியாகச் சொல்லியிருந்தார் என்பது வேதாந்தத்துக்குத் தெரியாது.

படகுக்காரன் அங்கமுத்து கரையில் இழுகயிற்றோடு நின்றான். அவன் பெண்சாதி தேசம்மா பின்னால் சுக்கான் பிடித்து உட்கார்ந்திருந்தாள். பாய்க் கூண்டுக்குள் நாற்பது பூசணிக்காய், பதினாறு வாழைத்தார், ஒரு மலை தேங்காய். நடுவில் கிடைத்த சந்தில் வேதாந்தம் ஒண்டிக்கொண்டார். தெரிந்த ஆள் யாரும் இல்லையே என்ற தைரியத்தில் கத்தியை எடுத்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, 'டக்' என்று மடக்கி மடியில் செருகினார். செருகிய கை வெளியே வருவதற்குள் கூண்டுக்குள் குனிந்து நுழைந்தார் சுவாமிநாதன்.

வேதாந்தத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறங்க வழியில்லை, படகு நகர்ந்துவிட்டது.

"தேசம்மா," என்றார் சுவாமிநாதன், "அந்தப் பூசணிக்காய் பக்கத்துல இருக்கிறவரைக் கொஞ்சம் காலை மடக்கிக்கச் சொல்லு."

"தேசம்மா," என்றார் வேதாந்தம், "எனக்கு மடக்க இடமில்லைன்னு சொல்லு."

"இன்னா சாமி, மூக்கும் மூக்கும் இடிச்சிக்கினு குந்திக்கினு கீறீங்க, நடுவுல நான் தபால்காரியா?" என்றாள் தேசம்மா.

அடையாற்றுக்குக் கொஞ்சம் முன்னால் கால்வாயின் குறுக்கே குள்ளமாக ஒரு பாலம். பாதி நுழைந்ததும் படகு நின்றது. தண்ணீருக்குள் பழைய கட்டை ஒன்று நின்றிருக்கிறது. இழுகயிறு அதை மூன்று சுற்றுச் சுற்றி, கட்டையின் வெடிப்பில் போய்க் கடித்துக்கொண்டது. படகு குறுக்கே திரும்பி, மூக்கு ஒரு சுவரிலும் வால் மறு சுவரிலுமாகச் செருகிக்கொண்டது. அங்கமுத்து தண்ணீரில் குதித்து வந்தான். முடிச்சு ஊறி இரும்பாகியிருந்தது. அரிவாளை எடுத்து ஓங்கி ஒரு வெட்டு வெட்டினான். ஈரக்கை. அரிவாள் பறந்துபோய்ச் சேற்றுக்குள் இறங்கியது. அந்தச் சேற்றில் ஒரு யானையைப் போட்டாலும் அடுத்த யுகத்தில்தான் எலும்பு அகப்படும்.

"கடல் ஏறுது நைனா," என்று கத்தினாள் தேசம்மா. "தண்ணி மேல வந்துக்கினே கீது பாரு!"

ஆற்றுமுகத்தில் கடல் ஏறினால் கால்வாயும் ஏறும். கால்வாய் ஏறினால் படகும் ஏறும். பாலம் மட்டும் ஏறாது. கூண்டுக்கும் பாலத்துக்கும் நடுவில் முதலில் ஒரு பூசணிக்காய் நுழையலாம் போலிருந்தது. பிறகு ஒரு தேங்காய். பிறகு ஒரு வெற்றிலை. கடைசியில் வெற்றிலையும் நுழையாது. மூங்கில் வளைவு ஒன்று தலைக்கு மேல் படீரென்று முறிந்தது. இருட்டு. வௌவால் நாற்றம். முன்பக்கம் கருங்கல் சுவர். பின்பக்கம் பூசணிக்காய்க் கோட்டை. வெளியே குதித்தால் மார்பளவு தண்ணீர், அதற்குக் கீழே இடுப்பளவு சேறு. வேதாந்தத்துக்கு நீச்சல் வாளித் தண்ணீரில்கூடத் தெரியாது.

"சின்னதா ஒரு கத்தி இருந்தா போதும் சாமி," என்றான் அங்கமுத்து, கயிற்றைப் பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு. "கயித்த அறுத்தா தண்ணியே படகைப் பின்னால தள்ளிக்கினு பூடும்."

தேசம்மா மெதுவாக வேதாந்தத்தின் பக்கம் திரும்பினாள். "சாமி, உன்னாண்ட கீதே? காலைல வெத்தலக் காம்பு கிள்ளினியே?"

"அது நகம்," என்றார் வேதாந்தம்.

"நகமா? 'டக்'குன்னு மூடிச்சே! உன் நகம் மடங்குமா சாமி?"

சுவாமிநாதனின் கழுத்து எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஜன்னல் இல்லாத பக்கம் திரும்பியது. இருட்டில் அவர் கண்ணாடி இரண்டு வட்டமாக மின்னியது.

"தேசம்மா," என்றார் மிருதுவாக, "அவர்கிட்டக் கத்தி எப்படிம்மா இருக்கும்? கேசவப் பெருமாள் சாட்சியா இல்லைன்னு சொன்னவர். பெருமாள் பேரை வெச்சுண்டு பொய் சொல்ற மனுஷனா அவர்?"

வேதாந்தத்துக்கு மேலே பாலம் இறங்குகிறதா, மானம் இறங்குகிறதா என்று தெரியவில்லை. மடியில் கத்தி அடுப்பிலிருந்து எடுத்த கரி மாதிரி சுட்டது. எடுத்தால் பொய்யன். எடுக்காவிட்டால் நாற்பது பூசணிக்காயோடு சேர்ந்து நாற்பத்தோராவதாக நசுங்கவேண்டியதுதான். எதிரே சுவாமிநாதனின் தலை தாழ்ந்துகொண்டே போயிற்று. பாய் அவர் குடுமியை அழுத்தியது, பிடரியை அழுத்தியது. ஆனாலும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூணூலில் கத்தி தொங்கிய இடத்தை வெறுமனே விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது மூங்கில் முறிந்தது.

வேதாந்தம் மடிக்குள் கையை விட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தியை எடுத்தார். இத்தனை நெருக்கத்திலும் கை முறையை மறக்கவில்லை: நடுவிலிருந்த பூசணிக்காயின் மேல் அதைக் கீழே வைத்தார்.

 தண்ணீரே ஒரு கணம் ஏறாமல் நின்றது. அங்கமுத்து பாய்ந்து எடுத்தான். நான்கே இழுப்பு. மணிக்கட்டுக் கனத்தில் இருந்த கயிறு வாழைநார் மாதிரி பிரிந்தது. படகு ஓர் உறுமு உறுமி, சுவரைச் சுரண்டிக்கொண்டு, பின்பக்கமாகவே வழுக்கி வெயிலுக்குள் வந்து விழுந்தது.

அங்கமுத்து கத்தியைத் துண்டில் துடைத்து, அதே பூசணிக்காயின் மேல் வைத்தான். வெளிச்சத்தில் உடைந்த நுனி பளபளத்தது.

"சுவாமிநாதா," என்று தொடங்கினார் வேதாந்தம். 

சுவாமிநாதன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். தொடாமல் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார்.

"நல்ல கத்தி. எங்கே வாங்கினீர்?"

"எங்கே... என்ன?"

"என்னோடதும் இதே ஜாடைதான். ஆனா அதுக்கு நுனி உடைஞ்சிருக்கும்." உடைந்த நுனியை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதுக்கு உடையலை. எடுத்து மடியில வெச்சுக்கும்."

தேசம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

வேதாந்தம் எடுத்து வைத்துக்கொண்டார். இதுவரை திருப்பிக் கொடுக்க ஒரு வாசலாவது பாக்கி இருந்தது. இப்போது அதையும் சாத்தித் தாழ்போட்டாகிவிட்டது. இனி ஆயுசு முழுவதும் இந்தக் கத்தி மடியிலிருந்து அவரைப் பார்த்துச் சிரிக்கும். பாலத்தடியே தேவலை என்று தோன்றியது.

கடல் இறங்கும்வரை கரையில் காத்திருந்தார்கள். சுவாமிநாதன் கொட்டாவி விட்டார், வெற்றிலைப்பெட்டியைத் திறந்தார்.

"ஓய், அந்த உம்ம கத்தியைக் கொஞ்சம்."

வேதாந்தம் அவசரமாகப் புல்லில் வைத்தார். சுவாமிநாதன் எடுத்தார். பாக்கு நறுக்கினார், நகம் வெட்டினார், ஆபீஸ் பென்சில்கள் மூன்றை எடுத்து, எட்டு மாதப் பல்தடம் போகச் சீவினார். முறுக்குக் கம்பியால் தேங்காய்க் கண்ணில் துளை போட்டுத் தண்ணீரைக் குடித்தார். 'டக்' என்றது.

படகு மறுபடி கிளம்பிப் பாலத்தைத் தாண்டி, ஆற்றைக் கடந்து, உப்பளத்தை ஒட்டிப் போகும்போதுதான் வேதாந்தத்தின் கை மடிக்குப் போயிற்று. மூக்குப்பொடி டப்பி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"ஓய், அந்த... கத்தி?"

"கீழே வெச்சேனே!" என்றார் சுவாமிநாதன். "நீர் எடுத்துக்கலையா?"

அவருடைய கதர் மேல்துண்டுக்கடியில், சாவிக்கொத்துப் பக்கத்தில், மூன்றங்குல நீளத்தில் ஒரு மேடு தெரிந்தது.

"சாமிய சாட்சிக்கு இட்டாரட்டா?" என்றாள் தேசம்மா சுக்கானிலிருந்து.

வேதாந்தத்துக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. வயிறு குலுங்கிற்று, படகு குலுங்கிற்று, ஒரு பூசணிக்காய் உருண்டு கால்வாயில் விழுந்து அதுவும் மிதந்துகொண்டே கூடவே வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு இடுப்பு வேட்டியையும் பொடி டப்பியையும் மட்டுமே தாங்கியது.

திருவிடந்தைக் கரையில் இலைக்கட்டைப் பிரிக்க முடியவில்லை, வாழைநார் முடிச்சு. வேதாந்தம் திரும்பி, "ஓய், அதைக் கொஞ்சம்" என்றார்.

சுவாமிநாதன் பூணூலிலிருந்து அவிழ்த்துச் சாக்கின்மேல் வைத்தார். வேதாந்தம் எடுத்தார், முடிச்சை அறுத்தார், துடைத்தார், மடக்கினார். கீழே வைக்கக் குனிந்தவர் பாதியில் நிமிர்ந்தார். சுவாமிநாதனின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் கத்தியை வைத்து, ஐந்து விரலையும் தானே மடக்கிவிட்டார்.

சுவாமிநாதன் பதறிப்போனார். "என்ன ஓய் இது! கைக்குக் கையா? சண்டை வரும்!"

"சண்டைதானே, வந்துட்டுப் போகட்டும்," என்றார் வேதாந்தம். "கத்தி வந்து சேர்ந்துதா? அதை நாலு பேர் கேக்கச் சத்தமாச் சொல்லும்."