மூன்றாம் மாடியில் வசிப்பவர்

வந்திருந்தவர்கள்: கூட்டமைப்பிலிருந்து ஸ்ரீதர். கம்பெனியின் மகளிர் விடுதி மூன்றாம் மாடியிலிருந்து இசக்கிசெல்வி. கூட்டத்துக்கு இடம் கொடுத்த ராஜாமணி அக்கா. குறிப்பெழுத நான், சுகப்பிரியா; அதே மாடியில் இருந்து, வேலையை விட்டவள். வராதவர்: பாண்டிச்செல்வி.

இடம், பென்னலூரில் ராஜாமணி அக்கா வீட்டு மாடி அறை. ஞாயிறு காலை பத்தரை. விடுதியில் ஞாயிறு மட்டும், அதுவும் ஒரு மணிவரைதான் வெளியே விடுவார்கள். இசக்கி போனை மடியில் வைத்து நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாண்டிச்செல்வி ஏன் வரவில்லை என்று அவள்தான் சொன்னாள். சூப்பர்வைசர் சங்கரன்கோவிலுக்குப் போன் போட்டு அவள் அம்மாவிடம் பேசியிருக்கிறான். உங்கள் மகள் ஆம்பிளைகள் இருக்கிற கூட்டத்துக்குப் போகிறாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அது போதும். புகாரில் போட்ட கையெழுத்தைப் பாண்டிச்செல்வி திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

எங்கள் புகார் சின்னது. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் நன்றாகத் தூங்க வேண்டுமாம். அதற்காக மூன்றாம் மாடியின் இரும்புக் கதவைக் காலை ஒன்பதுக்கு வெளியிலிருந்து பூட்டுவார்கள். மாலை ஐந்துக்குத் திறப்பார்கள். நடுவில் ஓ.டி.க்கு ஆள் தேவைப்பட்டால் தேட வேண்டியதில்லை. பொங்கல் முடிந்த வாரம் ஒரு பகலில் ஸ்விட்ச் போர்டு எரிந்தது. சாவி வர நாற்பது நிமிடம். அறுபத்து நாலு பேர் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றோம். யாரும் சாகவில்லை. அதனால் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. மறுவாரம் நான் வேலையை விட்டேன்.

விடுதி கட்டக் கடன் கொடுத்தது ஒரு வெளிநாட்டு வளர்ச்சி வங்கி. அந்த வங்கியிடமே புகார் கொடுக்கலாம் என்று சொன்னது ஸ்ரீதரின் கூட்டமைப்பு. பல நாடுகளில் அணைக்கும் சாலைக்கும் நிலத்தை இழந்தவர்கள் சேர்ந்து நடத்துவது. இந்த மாதிரி வங்கிகளின் விதிகளை மாற்றச் சொல்லி ஒன்பது வருடமாகக் கேட்கிறார்கள். இப்போதிருக்கிற விதிப்படி இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். இரண்டு பேரும் அங்கே வசித்துக்கொண்டிருக்க வேண்டும். மாதக் கடைசியில் கடன் கணக்கை மூடுகிறார்கள். அதன் பிறகு புகார் வாங்க மாட்டார்கள். பன்னிரண்டு நாள் இருந்தது. இசக்கியின் கையெழுத்து இருந்தது; இன்னொன்றுக்கு மாடியில் பதினோரு பேரிடம் கேட்டும் யாரும் போடவில்லை.

நான் போடுகிறேன் என்றேன்.

"நீங்க போட முடியாதுங்க. வெளிய வந்துட்டீங்க," என்றார் ஸ்ரீதர்.

"பொகையக் குடிச்சது நானுந்தான?"

விட்டுப் போனவர்களையும் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்க வேண்டும் என்பது கூட்டமைப்பின் மூன்றாவது கோரிக்கையாம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் பரிசீலிப்பதாக வங்கி எழுதியிருக்கிறதாம். போன வருடமும் அப்படித்தான் எழுதியதா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பொய் சொல்ல வராத ஆள்.

ராஜாமணி அக்கா டீ டம்ளர்களை வைத்தார். "செத்துப்பூட்டா இன்னா பண்ணுவான் உன் பேங்குக்காரன்?"

"வாரிசு புகார் குடுக்கலாம்க்கா. அதுக்கு விதி இருக்கு."

"செத்தவளுக்கு எடம் கீது. தப்பிச்சி வந்தவளுக்கு இல்ல. நல்லா கீதுப்பா."

இசக்கிதான் முதலில் சிரித்தாள். ஸ்ரீதர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

பன்னிரண்டேகாலுக்கு இசக்கி கிளம்பினாள். ஷேர் ஆட்டோ நிற்கிற இடம்வரை கூட நடந்தேன்.

"நீ போனதுல எனக்குக் கோவம்லாம் இல்லட்டி," என்றாள். ஆட்டோவில் ஒரு காலை வைத்த பிறகு சொன்னாள்: "ஒன் கட்டில்ல இன்னும் ஆளு போடல."

அன்று மாலை ஸ்ரீதருக்குப் போன் செய்து, கையெழுத்துப் போட்டவள் எவ்வளவு காலம் உள்ளே இருக்க வேண்டும் என்று கேட்டேன். முந்தைய புகார் முடிய இரண்டு வருடம் நாலு மாதம் ஆனதாம். நடுவில் வெளியே வந்தால் புகார் விழுந்துவிடும்.

"போங்கன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார். போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

ஒரகடம் கூட்டு ரோட்டில், கம்பெனிக்கு ஆள் எடுக்கிற காண்ட்ராக்டர் ஆபீஸ். ஆதார் நகல் ஒன்று, போட்டோ இரண்டு. ஏன் போனாய், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ஆள் குறைவு. புது நம்பரில் அட்டையும், விடுதியில் என் பழைய கட்டிலையும் கொடுத்தார்கள். புதன்கிழமை இரவு ஷிப்டில் மறுபடி லைனில் நின்றேன்.

வியாழன் காலை திரும்பி வருகிற பஸ்ஸில், டிபன் பைக்கு அடியிலிருந்து இசக்கி படிவத்தை எடுத்தாள். முகவரியில் மூன்றாம் மாடி, கட்டில் 27 என்று எழுதினேன். எப்போதிலிருந்து வசிக்கிறீர்கள் என்ற கட்டத்தில் அட்டையிலிருந்த புதன்கிழமைத் தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டேன். அவள் போட்டோ எடுத்து அனுப்பினாள். விடுதி வாசலில் இறங்கும்போது, கிடைத்தது என்று ஸ்ரீதரிடமிருந்து பதில் வந்தது.

படியில் வார்டன் கலைமதி நின்று தலை எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிறுத்தினார்.

"இன்னாம்மா, வெளிய சோறு கெடைக்கலியா?"

"கெடைக்கல," என்றேன்.

விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ணினார். கடைசி ஆள் நான். நான் உள்ளே போனதும் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினார்.